தொட்டியை நகர்த்துமுன் தண்ணீரைக் கவனியுங்கள்

இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் கிராம ஆலயங்களின் சேகரக் குழுவினருக்கும், ஆலயக் காப்பாளர்களுக்கும், பூ அலங்காரம் செய்பவர்களுக்கும்

மதிப்புக்குரியவர்களே,

உங்கள் ஆலயங்களில் தெற்கு வாசல் வழியே நுழைந்தால் இடக்கைப் பக்கம் எண்கோணமான கல் தொட்டி ஒன்று பெரும்பாலும் இருக்கும். 15ஆம் நூற்றாண்டு வேலை. கிண்ணத்தின் எட்டு முகங்களில் நான்கு சுவிசேஷகர்களின் சின்னங்களும் கேடயம் ஏந்திய தேவதூதர்களும் மாறி மாறி வரும். தண்டைச் சுற்றிச் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். சில ஊர்களில் தடி பிடித்த காட்டு மனிதர்களும் இருப்பார்கள். அந்த ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

சேகரக் குழுக் கூட்டங்களில் இந்தத் தொட்டி பற்றி இரண்டு யோசனைகள் அடிக்கடி எழுகின்றன. ஒன்று, காபி மேசையும் சிறு சமையலிடமும் வைக்க இடம் வேண்டும், தொட்டியை வேறு மூலைக்கு நகர்த்துவோம் என்பது. மற்றது, தொட்டி அழுக்காக இருக்கிறது, ஒரு சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து தேய்த்துக் கழுவிவிடுவோம் என்பது. இரண்டும் நல்ல எண்ணத்தில் வருபவைதான். ஆனால் இரண்டிலும் முதல் கேள்வி விட்டுப்போகிறது: இந்தக் கல்லுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படி வெளியேறுகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் கழுவினாலும் நகர்த்தினாலும், ஐந்நூறு ஆண்டு தாங்கிய முகம் சில குளிர்காலங்களில் உதிர்ந்துவிடும்.

முதலில் கல்லைப் பற்றி. உங்கள் பகுதியான கிழக்கு ஆங்கிலியாவின் உள்ளூர்க் கல் ஃபிளின்ட் என்னும் சிக்கிமுக்கிக் கல். சுவர் எழுப்ப உதவும். சிற்பம் செதுக்க உதவாது. அதனால் தொட்டிக்கான சுண்ணாம்புக்கல் ஆற்று வழியாகவும் கடல் வழியாகவும் வெளியிலிருந்து வந்தது: ஸ்டாம்ஃபோர்டுக்கு அருகே பார்னாக்கிலிருந்து, பிரான்சின் கானிலிருந்து. கேம்பிரிட்ஜ் பக்கத்துக் கிளஞ்ச் என்னும் சீமைச்சுண்ணக் கல்லும் உண்டு. கிளஞ்ச் மிக மென்மையானது, நகம் பட்டாலே கீறல் விழும். எது எப்படியானாலும் அடிப்படை கால்சியம் கார்பனேட்தான். அமிலம் பட்டால் கரையும். குளியலறைக் கறை நீக்கும் திரவம், வினிகர், எலுமிச்சை, செங்கல் கழுவும் அமிலம் எதுவும் இதன் பக்கத்தில்கூட வரக்கூடாது.

அடுத்தது மேற்பரப்பு. இன்று சாம்பல் நிறத்தில் நிற்கும் இந்தத் தொட்டிகள் ஒரு காலத்தில் வண்ணம் பூசியவை. சஃபோக்கின் வெஸ்ட்ஹால் ஆலயத்துத் தொட்டியில் பழைய வெண்பூச்சும் நிறமும் இன்றும் காணலாம். அது ஏழு திருவருட்சாதனத் தொட்டி வகை: ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருவிருந்து, பாவமன்னிப்பு, நோயாளிக்கு எண்ணெய் பூசுதல், குருத்துவம், திருமணம் ஆகிய ஏழும் ஏழு முகங்களில். எட்டாவதில் இயேசுவின் ஞானஸ்நானம், சிலுவை மரணம் என ஊருக்கொரு காட்சி. இவ்வகையில் இன்று எஞ்சியிருப்பவை சுமார் 40. கென்ட்டின் ஃபார்னிங்ஹாம், சோமர்செட்டின் நெட்டில்கோம்ப் இரண்டையும் தவிர எல்லாம் உங்கள் இரண்டு கவுண்டிகளில்தான். பலவற்றில் முகங்கள், சிலைகளை எதிர்த்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் காலத்தில் உளியால் கொத்தப்பட்டன. சில, மேலே சாந்து பூசி மறைத்ததால் தப்பின. ஆகவே ஒரு மடிப்புக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தால் அது அழுக்கு என்று முடிவு கட்டாதீர்கள். அது பழைய வெண்பூச்சாக இருக்கலாம், மறைத்த சாந்தாக இருக்கலாம், அதன் அடியில் சிவப்பு இருக்கலாம்.

பார்ப்பதற்கு எளிய வழி உண்டு. மாலையில் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். உளித் தடம், கொத்தின தடம், கிளம்பி நிற்கும் செதில், பழுதுபார்த்த ஒட்டு எல்லாம் நிழல் போட்டுத் தெரியும். பிறகு தேவதூதரின் இறக்கைக்கு அடியிலும் உடை மடிப்பின் உள்பக்கத்திலும் நேராக அடித்துப் பாருங்கள். நிறம் தப்பியிருந்தால் அங்கேதான் தப்பியிருக்கும். சிற்பமெங்கும் ஒரே சீரான இணைகோட்டு உளித் தடம் புத்தம் புதிதாகத் தெரிந்தால், 19ஆம் நூற்றாண்டு விக்டோரியா காலத்தில் யாரோ சுரண்டிப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று பொருள். அதுவும் வரலாறுதான்; ஆனால் அங்கே நிறம் தேடிப் பயனில்லை.

இனி தண்ணீர். தொட்டியின் உள்பக்கம் ஈயத்தகடு போர்த்தியிருக்கும். அடியில் ஒரு துளை. அதிலிருந்து ஒரு ஈயக்குழாய் தண்டின் நடுவே இறங்கி, தரைக்கடியில் கல்சரளை நிரப்பிய சிறு குழியில் முடியும். ஞானஸ்நானத் தண்ணீர் மண்ணுக்கே போகவேண்டும் என்ற பழைய வழக்கம் அது. குறுக்களவு 75 செ.மீ., உயரம் 45 செ.மீ. உள்ள எண்கோணக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டால், உள்குழி விளிம்புவரை ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். குழந்தையை முழுக்கிய காலத்து அளவு அது. இப்போது தெளிப்பதற்கும் வார்ப்பதற்கும் 2 லிட்டர் தாராளம்.

பழுது நேர்வது பெரும்பாலும் அந்தத் துளையில். தகடும் குழாயும் சேரும் இடத்தில் ஈயம் விரிந்து சுருங்கி, களைத்து, மயிரிழை அளவு பிளக்கும். அல்லது தரைக்கடிக் குழி நூற்றாண்டு மண்ணால் அடைத்துக்கொள்ளும். அடைப்பானை எடுத்ததும் தண்ணீர் இறங்குகிறது, எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். அது போய்ச் சேர்ந்த இடம் தண்டின் கல். சில மாதம் கழித்துச் சிங்கத்தின் முதுகில் வெள்ளையாக உப்புப் பூக்கும். தரை ஈரம் என்று சொல்லிவிடுவார்கள். உப்பு அடிப்படியில் தொடங்கி மேலேறினால் தரை ஈரத்தைச் சந்தேகிக்கலாம். படிகள் காய்ந்திருக்க, தண்டின் மேல்பாதியிலோ கிண்ணத்தின் அடிவயிற்றிலோ பூத்தால், கசிவது தொட்டிதான்.

சோதனை இப்படி. கல்லில் ஏற்கெனவே ஈரமோ வண்ணமோ தெரிந்தால் இதைச் செய்யாதீர்கள், வல்லுநரை அழையுங்கள். இல்லையென்றால் அடைப்பானை இறுக்கி, 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒரு மரக்குச்சியை நட்டு நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். கல்லில் டேப் ஒட்டாதீர்கள். தண்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையிலான மூட்டைச் சுற்றி மெல்லிய டிஷ்யூ தாளை வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கினாலோ தாள் நனைந்தாலோ, அன்றிலிருந்து அடைப்பானைத் திறப்பதை நிறுத்துங்கள். ஞானஸ்நானம் முடிந்ததும் பஞ்சால் தண்ணீரை ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்து, கல்லறைத் தோட்டத்து மண்ணில் ஊற்றுங்கள். தண்ணீர் மண்ணுக்குப் போகவேண்டும் என்ற வழக்கமும் கெடாது. ஈயத்தைப் புதுப்பிப்பது தனி வேலை, அதற்கு அனுமதி வேண்டும். தகட்டை ஈயத்தாலேயே உருக்கி இணைப்பதை ஆலயத்துக்கு வெளியே செய்யச் சொல்லுங்கள். ஓக் கூரைக்கடியில் தீச்சுடர் வேண்டாம்.

தகட்டின்மேல் மாவு போன்ற வெள்ளைப் பொடி கண்டால் அது உப்பு அல்ல, ஈயக் கார்பனேட். காரணம் பலருக்கு வியப்பாக இருக்கும்: மேலே இருக்கும் ஓக் மர மூடி. ஓக் அசெட்டிக் அமில ஆவியை வெளியிடும். ஈரம் தங்கிய மூடிய குழிக்குள் அது ஈயத்தை அரிக்கும். மூடி புதிதாக இருந்தால் அரிப்பும் வேகமாக இருக்கும். ஆகவே பயன்படுத்திய பின் குழியை உலரத் துடைத்து, சில மணி நேரம் திறந்துவைத்து, பிறகு மூடுங்கள். பொடி நஞ்சு. கையுறை போட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உலர்ந்தபடி துடைப்பதோ வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதோ கூடாது. குழந்தை தலை காட்டும் இடத்தில் அது தூசியாய்ப் பறக்கும்.

மூடி என்றதும் இன்னொன்று. 1236இல் கேன்டர்பரிப் பேராயர் எட்மண்ட், ஞானஸ்நானத் தொட்டிகளை மூடிப் பூட்டிவைக்கும்படி விதித்தார். அர்ச்சித்த தண்ணீரை மந்திர தந்திரத்துக்குத் திருடுகிறார்கள் என்ற அச்சம். அந்தப் பூட்டுக்கான இரும்புக் கொக்கிகளை ஈயம் ஊற்றி விளிம்பில் பதித்தார்கள். உங்கள் தொட்டியின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு ஒட்டுகள் தெரிந்தால், கொக்கியைப் பிடுங்கியபோது உடைந்த இடம் அது. சிமெண்ட் ஒட்டாக இருந்தால் சுற்றிலும் கல் பொரிகிறதா பாருங்கள். இரும்பு உள்ளே மிச்சம் இருந்தால் துரு பிடித்துப் பல மடங்கு பருத்து விளிம்பைப் பிளக்கும். தண்டில் இரும்பு முளை இருந்தாலும் இதே கதைதான். மாற்ற வேண்டியிருந்தால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

உயரமான மூடி உள்ளவர்கள் அதைத் தொங்கவிடும் கம்பியையும் எதிர்எடையையும் ஆண்டுக்கொருமுறை தகுதியுள்ளவரிடம் காட்டுங்கள். சஃபோக்கின் அஃபர்டில் ஏறக்குறைய 18 அடி உயரமான மூடி, கீழடுக்குகள் மேலடுக்கின்மேல் ஏறிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. உச்சியில் பெலிக்கன் பறவை. சிலைகளை உடைக்கவே 1644இல் அங்கே வந்த வில்லியம் டவுசிங் அதைப் போப்பின் மூன்றடுக்கு மகுடத்துக்கு ஒப்பிட்டு எழுதினார், ஆனாலும் மூடி பிழைத்துவிட்டது. டவுசிங்கிடம் தப்பியது அறுந்த கம்பியால் விழுந்து நொறுங்கினால் யாரைக் குறைசொல்வது?

உப்பின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் சேதத்தில் பெரும்பங்கு அதனுடையது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் கரைந்துவிடும். கீழே இறங்கினால் படிகமாகும். கிராம ஆலயம் வாரமெல்லாம் குளிர்ந்து ஈரமாகக் கிடக்கிறது. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஹீட்டர் போடுகிறீர்கள். ஈரப்பதம் சட்டென்று இறங்க, கல்லின் தோலுக்கடியில் உப்பு படிகமாகி நெம்புகிறது. மதியம் ஹீட்டர் அணைய, மறுபடி கரைகிறது. வாரம் ஒருமுறை, குளிர்காலம் முழுக்க. முகத்தின் மூக்கு ஒரு நாள் விரல் பட்டதும் மாவாக உதிர்வது இதனால்தான். கலப்பு உப்புகளாக இருந்தால் கரையும் எல்லை மாறும், ஆனால் வேலை ஒன்றே. கட்டடம் முழுவதையும் மிதமாக, ஏற்ற இறக்கமின்றிச் சூடாக்குவது கல்லுக்கு நல்லது; கட்டணம் கட்டாது என்றால் காற்றைச் சூடாக்காமல் ஆட்களைச் சூடாக்கும் வழி, அதாவது இருக்கைக்கடி ஹீட்டரோ சூடேறும் மெத்தையோ, பரவாயில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் சூடான காற்று ஊதும் ஹீட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் அது கரைந்து கல்லுக்குள்ளேயே திரும்பிப் போகும். அடுத்த ஞாயிறு இன்னும் ஆழத்திலிருந்து நெம்பும். கல் உறுதியாகவும் வண்ணமில்லாமலும் இருந்தால், உலர்ந்த நாளில் மிருதுவான ஓவியத் தூரிகையால் ஒரு தாளில் தட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். கல் உதிர்கிறது என்றால் தூரிகையும் வேண்டாம். தாள்கூழை அயனி நீக்கிய நீரில் குழைத்து அப்பி உப்பை உறிஞ்சவைக்கும் முறை இருக்கிறது, ஆனால் அது வல்லுநர் கை வேலை. நீர் வரத்து நிற்காத கல்லில் அதைச் செய்தால் இன்னும் உப்பைத்தான் இழுத்துக்கொண்டு வரும்.

கழுவும் சனிக்கிழமைக்காரர்களுக்கு: பிளீச் சோடிய உப்பை விட்டுச்செல்லும். கம்பித் தூரிகை, மணல் பீச்சுதல், அழுத்த நீர் மூன்றும் சிற்பத்தின் கூர்மையைத் தின்னும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் பூசினால் முதல் வாரம் அழகாக இருக்கும், பிறகு தூசி பிடித்துக் கறுக்கும், உள்ளே ஈரத்தைப் பூட்டும். சிலிகோன் பூச்சும் அப்படியே, எடுக்கவும் முடியாது. உறுதியான, வண்ணமற்ற கல்லில் ஆண்டுக்கிருமுறை மிருதுவான தூரிகையால் தூசி தட்டுவது போதும்.

பூ வைப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அறுவடைப் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் தொட்டிக்குள் ஈரமான பச்சைப் பஞ்சுக் கட்டியை அடுக்கிப் பூ குத்துவது பல ஆலயங்களில் வழக்கம். இங்கிலாந்து திருச்சபையின் எஃப்1 விதி தெளிவாகவே சொல்கிறது: தொட்டியின் கிண்ணம் ஞானஸ்நானத் தண்ணீருக்கு மட்டும், வேறு எதற்கும் அல்ல. விதியை விடுங்கள். அந்தக் கட்டி வாரக்கணக்கில் ஈரத்தை ஈயத்தின்மேல் பிடித்துவைக்கிறது. கோழிவலைக் கம்பி துருவேறிக் கல்லில் பழுப்புக் கறை போடுகிறது, அது போகவே போகாது. லில்லி மகரந்தமும் ஹாலிப் பழச் சாறும் விளிம்பில் ஊறுகின்றன. தண்டைச் சுற்றிக் கம்பி கட்டி மாலை தொங்கவிட்டதில் சிங்கக் காதுகள் போயிருக்கின்றன. படிகளில் தனி ஜாடியில், தட்டின்மேல், கல்லைத் தொடாமல் வையுங்கள். மெழுகுவர்த்தியும் விளிம்பில் வேண்டாம்.

வௌவால் உள்ள ஆலயங்களில் சிறுநீர் கல்லை அரிக்கும். தொட்டியைப் பிளாஸ்டிக்கால் போர்த்தாதீர்கள், ஈரம் அடைபடும். காற்றுப் புகும் பருத்தித் துணி போதும். வௌவாலையும் அதன் இருப்பிடத்தையும் சட்டம் காக்கிறது, விரட்டப் பார்க்காதீர்கள்.

இனி நகர்த்துதல். காபி மூலைக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. கழிப்பறையும் கொதிகெண்டியும் இல்லாத ஆலயத்துக்கு ஆள் வருவது குறையும், ஆள் வராத ஆலயத்தில் கூரை ஒழுகினாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் தொட்டியை நகர்த்துவது கடைசி வழியாக இருக்கட்டும். பின்வரிசை இருக்கைகள் இரண்டை எடுத்தால் தீரும் பிரச்சினைக்குத் தொட்டியைத் தூக்கும் திட்டங்கள் ஏராளம். அதே எஃப்1 விதி தொட்டி முதன்மை வாசலுக்கு இயன்றவரை அருகில் நிற்கவேண்டும் என்கிறது. ஞானஸ்நானம்தான் சபைக்குள் நுழையும் வாசல் என்பதால். பியூரிட்டன்கள் ஓங்கியிருந்த 1645இல் வந்த பொதுவழிபாட்டு நெறிநூல் அந்த இடத்தையே மூடநம்பிக்கை என்று ஒதுக்கியது. 1660இல் மன்னராட்சி திரும்பிய பிறகு தொட்டிகளும் திரும்ப வந்தன. இடத்துக்கே இவ்வளவு சண்டை நடந்திருக்கிறது.

அனுமதி இல்லாமல் ஒரு அங்குலம்கூட நகர்த்த முடியாது. திருமண்டல ஆலோசனைக் குழுவின் கருத்து, வரலாற்றுக் கட்டட அமைப்புகளின் கருத்து, 28 நாள் பொது அறிவிப்பு, பிறகு திருமண்டல நீதிபதியான சான்சலரின் தீர்ப்பு. 2012இல் டஃபீல்ட் ஆலய வழக்கில் திருச்சபையின் மேல்முறையீட்டு மன்றமான ஆர்ச்சஸ் நீதிமன்றம் வகுத்த கேள்விகளைத்தான் சான்சலர் கேட்பார்: கட்டடத்தின் சிறப்புக்குக் கேடு வருமா, வந்தால் எவ்வளவு, அதை ஈடுகட்டும் நன்மை என்ன. ‘இடைஞ்சலாக இருக்கிறது’ என்று விண்ணப்பத்தில் எழுதினால் செல்லாது. எந்த ஆராதனைக்கு, எத்தனை பேருக்கு, வேறு எந்த இடங்களைப் பார்த்து ஏன் கைவிட்டோம் என்று எழுதுங்கள்.

வேலையின் கனமும் தெரியட்டும். மேலே சொன்ன அளவுள்ள கிண்ணம் மட்டுமே ஏறக்குறைய 350 கிலோ. நான்கு பேர் தூக்கும் பொருள் அல்ல. முதலில் எல்லா முகங்களும் படமும் வரைபடமும் ஆகவேண்டும். மூட்டுச் சாந்தைக் கைக்கருவியால் மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். மின் ரம்பம் கூடாது. ஈயக்குழாய் எங்கே போகிறது என்று அறியாமல் தூக்கினால் அது தண்டை இழுத்து உடைக்கும். கிண்ணத்தின் அடிவிளிம்பில் தேவதூதர் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டையை நேரடியாக மாட்டினால் எடை முழுதும் அந்த மூக்குகளில் விழும். நுரைப்பலகையும் ஒட்டுப்பலகையும் வைத்து எடையைத் திடமான அடிக்கல்லுக்கு மாற்றி, கேன்ட்ரி என்னும் கால்களுள்ள தூக்குச் சட்டமும் சங்கிலிக் கப்பியும் கொண்டு மில்லிமீட்டர் கணக்கில் உயர்த்தவேண்டும். கேன்ட்ரியின் கால் நிற்கும் இடத்துக்கடியில் கல்லறைக் குழி இருக்கலாம், தரைக்கல் உள்ளே போய்விடும். புதிய இடத்தைத் தோண்டினால் எலும்பு வரும். தொல்லியலாளர் கூட நிற்க வேண்டும். அடித்தளம் சுண்ணாம்புக் கான்கிரீட். பாலித்தீன் விரித்துச் சிமெண்ட் கான்கிரீட் போட்டால் தரை ஈரம் பக்கவாட்டில் ஓடிச் சுவரிலும் தொட்டி ஓரத்திலும் ஏறும். மூட்டுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். 5 டிகிரிக்குக் கீழே குளிரும் நாட்களில் தொடவேண்டாம், ஈரச்சாக்கு போர்த்தி மெதுவாக ஆறவிடுங்கள். சிமெண்ட் சாந்து கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் விடாது. அதனால் ஈரமும் உப்பும் கல்வழியே வெளியேறி, சாந்து அப்படியே நிற்க, கல் தேய்ந்து போகும்.

நாங்கள் கேட்பது பெரிய செலவு அல்ல. ஐந்தாண்டுக்கொருமுறை ஆலயக் கட்டட ஆய்வுக்கு வரும் கட்டடக் கலைஞரிடம் முன்கூட்டியே எழுதி, தொட்டியை நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வு அறிக்கைகளில் கூரைக்கும் மழைநீர்க் குழாய்க்கும் பக்கங்கள் இருக்கும், தொட்டிக்கு ஒரு வரி இருந்தால் அதிகம். ஈயத்தகடு, வடிகால், அடிச்சாந்து, இரும்பு, உப்பு ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே இடத்தில் நின்று, அளவுகோல் ஒன்றைக் கல்லைத் தொடாமல் பக்கத்தில் நிறுத்தி, எட்டு முகங்களையும் தண்டையும் படமெடுத்து ஆலயப் பதிவேட்டில் தேதியுடன் ஒட்டுங்கள். முன்னாண்டுப் படத்தில் இருந்த ஒரு விரல் இந்த ஆண்டுப் படத்தில் இல்லையென்றால், அந்தப் பக்கத்தை அப்படியே திருமண்டல ஆலோசனைக் குழுவுக்கு அனுப்புங்கள். உதிர்ந்த துண்டைக் கூட்டித் தள்ளாமல், எந்த முகத்திலிருந்து என்று எழுதிய உறையில் போட்டு, ஆலயப் பெட்டகத்தில் வையுங்கள், ஒட்ட முடியும்.

இப்படிக்கு,
பழைய ஆலயக் கல்வேலையைக் கவனித்துவருபவர்கள்